பெருக்கல் குறி

கதவுக்கு மேலே இருக்கும் பெட்டியை
நாற்காலி போட்டு ஏறித் திறந்து பார்த்தேன்.
ஒன்பது விசைகள். ஒன்பதும் மேலேதான் இருந்தன.
எதுவும் விழவில்லை அக்கா, என்றேன்.
சர்க்கியூட் பிரேக்கர், சர்க்கியூட் பிரேக்கர் என்று
தொலைக்காட்சியில் அத்தனை பேர் சொன்னார்கள்.
ஒருவரும் ஏறிப் பார்க்கவில்லை.

அக்கா சிரித்தாள். பிறகு
கழிவறைக்குள் போய்
வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தாள்.

மே நான்கு வரைக்கும் என்று அவள்தான் சொன்னாள்.
மே நான்கு, காலை ஆறரை.
நீலச் சட்டை, தண்ணீர்ப் போத்தல், வேலை அட்டை,
காலுறை, சப்பாத்து.
வாசலில் நின்றேன்.
ஜூன் ஒன்று என்று மாற்றிவிட்டார்களாம்.
தேதியைப் போய் யார் மாற்றுவார்கள்?
பதினொரு மணிவரை சப்பாத்தைக் கழற்றவில்லை.
கழற்ற வந்த அப்பாவின் கையைக் கடித்தேன்.
இதை வெளியில் சொல்லாதே என்றாள் அக்கா.
சொல்லிவிட்டேன்.

விமானத்துக்கு இயர்போன் கட்டுவது என் வேலை.
இரண்டு பஞ்சு, ஒரு வயர், ஓர் உறை.
ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது.
ஹொக் செங் ஸ்டிக்கர் ஒட்டுவான், கோணலாக.
மிஸ் ஜெசிந்தா பார்ப்பதற்குள் நிமிர்த்திவிடுவேன்.
இப்போது சமையலறைச் சன்னலில் நின்று
வானத்தைப் பார்க்கிறேன்.
காலையிலிருந்து ஒன்று. அதுவும் சின்னது.
காதுகளெல்லாம் எங்கே போயின மிஸ்,
என்று ஸூமில் கேட்டேன்.
ஒருவர் முகமும் திரும்பவில்லை.
என் மைக்கின் மேல் சிவப்புக் கோடு இருந்ததாம்.
பன்னிரண்டு பெட்டிகளில் பன்னிரண்டு பேர்.
மூன்றாவதில் ஹொக் செங்கின் மோவாய்,
அதற்கு மேலே சுற்றுகிற மின்விசிறி.
தொட்டேன். சூடாக இருந்தது.
அவனல்ல, கணினி.

வாயைப் பார்த்தால்தான் எனக்கு ஆட்கள் புரியும்.
பாதி முகத்தில்
கோபத்துக்கும் சிரிப்புக்கும் ஒரே கண்.
மின்தூக்கியில் மலாய் அண்ட்டி ஏதோ சொன்னார்.
சிரித்து வைத்தேன்.
அது என் துணிக்குள்ளேயே நின்றுவிட்டது.

புளோக்குக்குக் கீழே கல்மேசையைச் சுற்றி நாடா.
காப்பிக்கடை நாற்காலிகளில் பெருக்கல் குறி.
கிளினிக் பெஞ்சில், பஸ்ஸில், எம்ஆர்டியில்.
சின்ன வயதில் என் நோட்டு முழுக்க
இதே குறிதான் இருக்கும், சிவப்பு மையில்.
நாற்காலி என்ன தப்புப் பண்ணியது?
யீஷூன் முழுக்கத் தப்பு.
அக்கா சொல்கிறாள், சிங்கப்பூர் முழுக்கத் தப்பு.
எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.
கூட்டம் நெரிந்தாலும் நின்றே வருவார்கள்.
நிறுத்தங்களின் பெயரை நான் உரக்கச் சொல்வேன், அதனால்.
அப்போது எல்லோருக்கும் பக்கம் காலி.
எல்லோரும் சன்னலையே பார்த்துக்கொண்டு போனார்கள்.
ஆனால் அவர்களுக்குப் பழக்கமில்லை,
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெளிந்தார்கள்.
மடியில், என்று ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.
அவர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

பிறகு ஒருநாள் குறிகளை உரித்துவிட்டார்கள்.
பிசின் மட்டும் இருக்கிறது, விரலில் ஒட்டுகிறது.
வேலைக்கு வரலாம் என்று எனக்கு போன் வந்தது.
ஹொக் செங்கின் அம்மாவுக்கு இன்னும் பயமாம்.
இன்னும் என்றால் எத்தனை நாள்
என்று யாரும் எழுதித் தரவில்லை.

எல்லோரும் மறுபடி
தோளோடு தோளாக உட்காருகிறார்கள்.
என் பக்கத்து இருக்கையில்
என் பையை வைத்திருக்கிறேன்.

காத்திப்.
கதவு திறக்கிறது.
ஓர் ஆள் ஏறுகிறார், பையைப் பார்க்கிறார்,
முதல்முறையாக, உட்காரலாமா என்கிறார்.
ஆள் வருகிறது, என்கிறேன்.
காத்திப், என்று மறுபடி
இன்னும் உரக்கச் சொல்கிறேன்,
ஓட்டுநர் கொஞ்சம் நிறுத்தி வைக்கட்டும் என்று.